ஸ்டட் சுவரில் சின்ன வாஷ்பேசின் மாட்டுவது எப்படி?

செங்கல் சுவர் என்றால் துளை போட்டு, ப்ளக் அடித்து, போல்ட்டை முறுக்கிவிட்டுப் போய்விடலாம். ஸ்டட் சுவரில் அது நடக்காது. டைல்ஸுக்குப் பின்னால் இருப்பது 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு மட்டும்தான், அதற்கும் பின்னால் வெற்றிடம். ஸ்டட் எனப்படும் நெட்டுச் சட்டங்கள் பெரும்பாலும் 40 அல்லது 60 செ.மீ.க்கு ஒன்றாக நிற்கும். சின்ன பேசினின் இரண்டு போல்ட் துளைகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி இருக்காது. எப்படி வைத்துப் பார்த்தாலும் குறைந்தது ஒரு போல்ட்டாவது வெற்றிடத்தில்தான் இறங்கும்.

என் வீட்டில் மாட்டியபோது நிறைய நேரம் பிடித்தது சுவருக்குள் இருக்கும் மரவேலைதான். குழாய் வேலை அதற்கு முன் ஒன்றுமே இல்லை. அதனால் இந்தக் குறிப்பிலும் மரத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். குழாய் இணைப்பது, டெஃப்லான் டேப் சுற்றுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போர்டு ஆங்கர் ஏன் போதாது

"பேசின் எடையே எட்டு கிலோதானே, ஜிப்சம் போர்டுக்கென்று விற்கும் ஆங்கர் தாங்காதா?" என்று பலரும் கேட்கிறார்கள். பேசினின் சொந்த எடை பெரிய விஷயமில்லை. முகம் கழுவும்போது அதன் முன் விளிம்பில் கையூன்றிச் சாய்கிறோமே, அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பேசின் சுவரிலிருந்து 28 செ.மீ. நீண்டிருக்கிறது, போல்ட் துளையிலிருந்து பேசின் முதுகின் அடி விளிம்பு 7 செ.மீ. கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் விளிம்பில் 40 கிலோ அழுத்தினால் அந்த அடி விளிம்பு சுவரில் ஊன்றிக்கொள்ள, மேலே உள்ள போல்ட்டுகளைப் பேசின் வெளியே இழுக்கும். 28-ஐ 7-ஆல் வகுத்தால் 4. ஆக இழுவிசை 160 கிலோ, ஒரு போல்ட்டுக்கு 80 கிலோ. ஐரோப்பாவின் ஈஎன் 14688 தரமும் சுவரில் தொங்கும் பேசின் 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ பாரம் தாங்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பேசின் தாங்கிவிடும், சுவரும் தாங்க வேண்டுமே!

இந்தக் கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. மேலே இழுக்கும் அதே விசை கீழே சுவரை உள்ளே தள்ளுகிறது. போல்ட் இருக்கும் உயரத்தில் மட்டும் ஒரு கட்டை வைத்துவிட்டு, அடி விளிம்பு படும் இடத்தை வெற்றிடமாக விட்டால், அங்கே போர்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கும். போல்ட் அசையாமல் இருந்தாலும் பேசின் தலை கவிழும். மேலே சிலிக்கான் பிரியும், டைல்ஸ் இடுக்கில் விரிசல் விழும். எனவே மரம் இரண்டு இடத்துக்கும் பின்னால் இருக்க வேண்டும்.

1. முதலில் பேசினை அளங்கள்

பேசின் கையில் இல்லாமல் சுவரைத் தொடாதீர்கள். பேசினோடு வரும் படத்தில் போட்டிருக்கும் அளவை நம்ப வேண்டாம், பீங்கான் சூளையில் சுருங்கும்போது சில மி.மீ. மாறிவிடும். பேசினை ஒரு துணியின் மேல் குப்புறக் கவிழ்த்து மூன்று அளவு எடுங்கள்: மேல் விளிம்பிலிருந்து போல்ட் துளையின் மையம், இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரம், மேல் விளிம்பிலிருந்து முதுகின் அடி விளிம்பு.

பேசினின் மேல் விளிம்பு தரையிலிருந்து 80 முதல் 85 செ.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். தரை என்றால் டைல்ஸ் ஒட்டி முடித்த தரை. இன்னும் ஒட்டவில்லை என்றால் டைல்ஸ், பசை இரண்டின் தடிமனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பு 85, துளை அதற்கு 7 செ.மீ. கீழே என்றால் போல்ட் 78 செ.மீ. உயரத்தில் வரும். முதுகின் உயரம் 14 செ.மீ. என்றால் அடி விளிம்பு 71-இல் வரும். ஆக 66-லிருந்து 84 வரை மரம் இருந்தால் இரண்டு இடமும் அடங்கிவிடும், கொஞ்சம் மேலே கீழே நகர்த்தவும் இடமிருக்கும்.

2. சுவருக்குள் குறுக்குக்கட்டை

மொத்த வேலைக்கும் உயிர் இதுதான், அவசரப்படாதீர்கள்.

சுவர் இன்னும் திறந்தே இருந்தால் உங்களுக்கு யோகம். 45 மி.மீ. தடிமனுள்ள நன்றாகக் காய்ந்த மரப்பலகையை இரண்டு ஸ்டட்டுகளுக்கு நடுவே இறுக்கமாக உட்காரும்படி அறுங்கள். 18 செ.மீ. அகலத்தில் ஒரே பலகை கிடைக்கவில்லை என்றால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். 18 மி.மீ. ப்ளைவுட் பலரும் பயன்படுத்துகிறார்கள். எனக்கு ஒற்றைத் தாள் பிடிப்பதில்லை, போல்ட்டின் மரை அதில் 18 மி.மீ. மட்டுமே கடிக்கும். ப்ளைவுட்தான் என்றால் இரண்டு தாள்களைப் பசை தடவி ஒட்டி, ஸ்க்ரூ போட்டு 36 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள்.

பலகையின் முகமும் ஸ்டட்டின் முகமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். விரலால் தடவினால் படி தட்டக்கூடாது. பலகை 3 மி.மீ. உள்ளே தள்ளி உட்கார்ந்தாலும் போதும், போர்டுக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். நட்டை முறுக்க முறுக்கப் பேசின் போர்டை உள்ளே வளைக்கும், டைல்ஸ் வெடிக்கும். "இன்னும் கொஞ்சம் முறுக்கினால் சரியாகிவிடும்" என்று தோன்றும், ஆனால் ஆகவே ஆகாது.

சாய்வாக ஸ்க்ரூ அடித்து நிறுத்தும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டையின் முனை பிளக்கும், ஸ்க்ரூ இறங்கும்போது கட்டையும் நகரும். அதைவிட ஒவ்வொரு ஸ்டட்டின் உட்பக்கத்திலும் ஒரு துண்டுக் கட்டையை நெட்டுவாக்கில் வைத்து, 5 மி.மீ. குறுக்களவும் 80 மி.மீ. நீளமும் உள்ள ஸ்க்ரூ மூன்று போட்டு இறுக்குங்கள். ஸ்டட் முகத்திலிருந்து பலகையின் தடிமன் அளவுக்கு, அதாவது 45 மி.மீ. உள்ளே தள்ளி அது இருக்கட்டும். பலகையை அதன் மேல் அண்டக்கொடுத்து முன்னாலிருந்து ஸ்க்ரூ போட்டால் முகம் தானாகவே மட்டமாக வந்து நிற்கும்.

போர்டு மூடுவதற்கு முன் பக்கத்தில் ஒரு அளவு டேப்பை விரித்துப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து உயரம், மூலையிலிருந்து தூரம் இரண்டும் படத்தில் தெரிய வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு ஸ்டட் தேடும் கருவியை நம்பி நான் எதுவும் செய்ய மாட்டேன். பசைக்கும் டைல்ஸுக்கும் மேலே அது எதையாவது காட்டிக்கொண்டே இருக்கும். போர்டின் ஸ்க்ரூக்களைத் தேட நல்ல காந்தம் ஒன்றும் இந்தப் புகைப்படமும் இருந்தால் போதும்.

குளியலறைப் பக்கம் ஈரம் தாங்கும் ஜிப்சம் போர்டுதான் போட வேண்டும், அது பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும்.

3. சுவர் ஏற்கெனவே மூடியிருந்தால்

டைல்ஸை உடைக்கும் முன் சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். படுக்கையறையோ நடைவழியோ என்றால் அந்தப் பக்கத்திலிருந்தே திறக்கலாம். பெயின்ட் அடித்த போர்டை வெட்டி, திரும்ப மூடி, பட்டி பார்ப்பது எளிது. அதே டைல்ஸை மறுபடி தேடுவதுதான் கஷ்டம்.

மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டு, இரண்டு ஸ்டட்டுகளின் நடுக்கோடு வரை போர்டை வெட்டுங்கள். அப்போதுதான் மூடும் துண்டுக்கு ஸ்க்ரூ போட இரண்டு பக்கமும் மரம் கிடைக்கும். கத்தியை ஆழமாக விடாதீர்கள், உள்ளே ஒயரோ பைப்போ ஓடலாம். மின்சார ரம்பம் இங்கே வேண்டவே வேண்டாம், கைரம்பம் போதும். குளியலறைப் பக்கப் போர்டின் முதுகில் பசை தடவி, பலகையை அதன் மேல் நெருக்கி அழுத்தி, பிறகு பின்னாலிருந்து துண்டுக் கட்டைகளை வைத்து ஸ்டட்டில் இறுக்குங்கள். இங்கேயும் அதே விதிதான், போர்டுக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி இருக்கக்கூடாது. பசை காயும்வரை பலகைக்கு முட்டுக்கொடுத்து வையுங்கள்.

4. போல்ட் நீளம்

பேசினோடு வரும் போல்ட் பெட்டியில் பிளாஸ்டிக் ப்ளக்கும் சேர்ந்தே வரும். அந்த ப்ளக் செங்கல், கான்கிரீட் சுவருக்கு. மரத்தில் அதை நுழைக்காதீர்கள். நமக்கு வேண்டியது ஒரு முனையில் மரத்தில் இறங்கும் மரையும், மறுமுனையில் நட் ஏறும் மரையும் உள்ள போல்ட். துரு ஏறாத எஃகாக இருந்தால் நல்லது.

நீளத்தை இப்படிக் கணக்கிடலாம். டைல்ஸ் 8, பசை 4, போர்டு 12.5, ஆக 25 மி.மீ. மரத்தைத் தொடும் முன்பே போய்விடுகிறது. மரத்துக்குள் 45 மி.மீ. பேசினின் பீங்கான் துளை இருக்கும் இடத்தில் சுமார் 25 மி.மீ. தடிமன் என்றால் அதோடு வாஷர், நட் எல்லாம் சேர்த்து 40 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கூட்டினால் 110. பெட்டியில் வரும் போல்ட் 100 மி.மீ. என்றால் மரத்தின் பிடி 35-ஆகக் குறைந்துவிடும். 120 மி.மீ. போல்ட்டாக வாங்குங்கள்.

5. குறியிட்டுத் துளை போடுதல்

போல்ட் உயரத்தில் ரசமட்டம் வைத்து ஒரு கோடு. அதில் பேசினின் நடு, அங்கிருந்து இரண்டு பக்கமும் துளைத் தூரத்தில் பாதி. குறியின் மேல் காகித டேப் ஒட்டினால் பிட் வழுக்காது.

டைல்ஸில் சுத்தியல் இயக்கம் கூடாது. 10 மி.மீ. போல்ட்டுக்கு டைல்ஸையும் போர்டையும் 12 மி.மீ. துளையிடுங்கள். டைமண்ட் பிட், குறைந்த வேகம், இடையிடையே தண்ணீர் தொட்டு வைத்தால் டைல்ஸ் சில்லாகாது. மரம் தட்டியதும் நிறுத்தி, 7 மி.மீ. பிட் மாற்றி மரத்துக்குள் முன்துளை போடுங்கள். போல்ட் 8 மி.மீ. என்றால் டைல்ஸில் 10, மரத்தில் 5.5 முதல் 6. பிட்டோடு மரத்தூள் வர வேண்டும். வெள்ளைப் பொடி வந்து திடீரென்று உள்ளே வழுக்கினால் கட்டை அங்கே இல்லை என்று பொருள். அதற்கு மேல் போகாமல் புகைப்படத்தை மறுபடி பாருங்கள்.

மரையில் கொஞ்சம் மெழுகு தேய்த்து, நட் ஏறும் முனையில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, வெளி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் முறுக்குங்கள். இம்பாக்ட் டிரைவர் வேண்டாம், மரம் எப்போது இறுகுகிறது என்று கைக்குத் தெரிய வேண்டும். 40 மி.மீ. வெளியே நிற்கும்போது நிறுத்தி, துளையைச் சுற்றி சிலிக்கான் நிரப்புங்கள். தண்ணீர் அந்த வழியாகப் போர்டுக்குள் போனால் பிறகு எதைச் செய்தும் பயனில்லை.

6. மாட்டுதல்

தண்ணீர் திறக்கும் குழாய், கழிவுத் துளையில் மாட்டும் வேஸ்ட் கப்ளிங், கனெக்‌ஷன் பைப் மூன்றையும் பேசினைத் தரையில் வைத்தே பொருத்திவிடுங்கள். சின்ன பேசினுக்கு அடியில் கை நுழையாது. வழிந்தோடும் துளை உள்ள பேசினுக்குப் பக்கவாட்டில் திறப்புள்ள கப்ளிங், இல்லாததற்குத் திறப்பில்லாதது.

பேசினைப் போல்ட்டில் ஏற்றி, முதலில் பிளாஸ்டிக் புஷ் (போல்ட்டைச் சுற்றி உட்காரும் உறை), அப்புறம் வாஷர், அப்புறம் நட். பீங்கானை இரும்பு நேராகத் தொடக்கூடாது. இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கையால் இறுக்கி, ரசமட்டம் பார்த்து, ஸ்பேனரில் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. பீங்கான் வளையாது, அளவு மீறினால் விரிசல்தான்.

ட்ராப் (பேசினுக்கு அடியில் தண்ணீர் தங்கி நாற்றத்தைத் தடுக்கும் பகுதி), கழிவு பைப் இரண்டும் வழக்கம்போல. பைப் 32 மி.மீ., சரிவு மீட்டருக்கு இரண்டரை செ.மீ. கண்ணில் படும் இடமென்றால் பாட்டில் ட்ராப் அழகு. மறைவான இடமென்றால் என் ஓட்டு பி ட்ராப்புக்குத்தான், முடி சிக்குவது குறைவு.

பேசின் நிரம்பத் தண்ணீர் பிடித்து ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். காய்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கசிவு காகிதத்தில் தெரியும். கடைசியாக மேலேயும் இரண்டு பக்கமும் சிலிக்கான். அடி விளிம்பில் பூசாதீர்கள். பின்னால் எங்காவது கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு நாள் யாரும் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறிப்பைப் படித்தவர்கள் கேட்டதற்காகச் சேர்த்தது

ஸ்டட் மரமாக இல்லாமல் தகர சேனலாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். தகரத்தில் துண்டுக் கட்டையை அப்படியே இறுக்கினால் பாரம் ஏறும்போது சேனல் முறுக்கிக்கொள்ளும். இரண்டு பக்கச் சேனல்களின் உள்ளேயும் தரையிலிருந்து பேசினுக்கு மேல் வரை நெட்டுவாக்கில் மரக்கட்டையைச் செருகி, தகரத்தின் வழியே ஸ்க்ரூ போடுங்கள். குறுக்குப் பலகையை அந்த மரத்தில் இறுக்குங்கள். மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான்.

இன்னொரு கேள்வி, மாட்டிச் சில வாரங்களில் பேசின் லேசாக ஆடுகிறது என்று. மரம் காயும்போது கொஞ்சம் சுருங்கும், நட்டைக் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்குப் பிறகும் ஆடினால் நட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். பேசினை இறக்கி, அடி விளிம்பு பட்ட இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுவர் அசைந்தால் அங்கே பின்னால் மரமில்லை, மறுபக்கத்திலிருந்து திறந்து பலகை வைப்பதுதான் வழி.