சாம்பல் மண் தேனீ: பெண்ணைப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள்

தெற்கு இங்கிலாந்தில் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தைப் பராமரிப்பது என் பிழைப்பு. ஏப்ரல் பிறந்தால் புல் வெட்டுவதோடு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொள்ளும். "தரையெல்லாம் ஓட்டை, ஓட்டைக்கு ஒரு குளவி" என்று பதறி வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் அது. போன வசந்தத்தில் எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் தன் வீட்டுப் புல்தரையைப் படம் எடுத்து அனுப்பி, "தம்பி, மருந்து அடிக்கட்டுமா?" என்று கேட்டார். "அடிக்காதீங்க அக்கா, அது குளவி இல்லை, மண் தேனீ" என்றேன். "என்ன தேனீ?" என்று அவர் அடுத்துக் கேட்டார் பாருங்கள், அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் சொல்லப்போவது ஆண்ட்ரீனா சினரேரியா என்ற சாம்பல் மண் தேனீயை. 1758-லேயே லின்னேயஸ் பெயர் வைத்துவிட்ட பழைய ஆள். பிரிட்டனில் மட்டும் ஆண்ட்ரீனா பேரினத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. உலகம் முழுக்க எண்ணினால் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டும். அவற்றில் பல, நுண்ணோக்கி இல்லாமல் பிரிக்கவே முடியாத பழுப்புப் பூச்சிகள். சாம்பல் மண் தேனீ அப்படியில்லை. வெறும் கண்ணாலேயே பெயர் சொல்லக்கூடிய சிலவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் அந்தச் சலுகை பெண்ணுக்கு மட்டும்தான். ஆணைப் பார்த்துவிட்டுப் பெயர் எழுதுகிறவர்கள்தான் பெரும்பாலும் வழுக்குகிறார்கள்.

முதலில் அது தேனீதானா என்று பாருங்கள். இறக்கை இரண்டுதானா, கண் தலையை அடைத்துக்கொண்டு நிற்கிறதா, உணர்கொம்பு கட்டையாக இருக்கிறதா? அப்படியென்றால் ஈ, விட்டுவிடுங்கள். இறக்கை நான்கு, உணர்கொம்பு நீளம் என்றால் பின்னங்காலைப் பாருங்கள். வளர்ப்புத் தேனீயின் பின்னங்காலில் மழமழவென்று ஒரு தட்டை இடம் இருக்கும்; மகரந்தத்தைத் தேனில் நனைத்து அங்கே உருண்டையாக அப்பி வைத்திருக்கும். மண் தேனீயிடம் உருண்டை கிடையாது. கால் முழுக்க முடி, அந்த முடிக்குள் மகரந்தம் உலர்ந்த தூளாகச் சிக்கியிருக்கும். காலோடு நிற்காமல் தொடையின் அடி, மார்பின் பின்பக்கம் என்று அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். கூட்டுக்குத் திரும்பும் பெண்ணைப் பார்த்தால் மாவு மில்லில் இருந்து வருகிற ஆள் மாதிரி இருக்கும்.

அடுத்து, அது ஆண்ட்ரீனாதானா? இதற்குக் கையில் பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். பெண்ணின் முகத்தை நேராகப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணின் உள்விளிம்பை ஒட்டியும் மேலிருந்து கீழாக ஒரு ஆழமில்லாத குழி ஓடும். அதற்குள் மிக நுண்ணிய, படிந்த முடி நிறைந்திருக்கும். ஒரு கோணத்தில் மங்கலாகக் கிடக்கும் அந்த இடம், தலையைக் கொஞ்சம் திருப்பினால் பளிச்சென்று வெளிச்சம் வாங்கும். இதற்கு முகக்குழி என்று பெயர் வைத்துக்கொள்வோம். இவ்வளவு அகலமாக, முடி அடர்ந்து இது தெரிந்தால் ஆண்ட்ரீனா பெண் என்று ஏறக்குறைய முடிவே கட்டிவிடலாம். நானும் லென்ஸை எடுத்ததும் முதலில் தேடுவது இதைத்தான்; மற்ற அடையாளமெல்லாம் அப்புறம்.

முகம் சரியாக விழாத படம்தான் கையில் இருக்கிறது என்றால் இறக்கை நரம்புகள் உதவும். முன்னிறக்கையின் அடிப்பக்கத்து நரம்பு வில்லாக வளைந்திருந்தால் அது லேசியோகுளோசம் என்ற வேறொரு தேனீப் பேரினத்து வகை. ஆண்ட்ரீனாவில் அந்த நரம்பு மெல்லச் சாய்ந்துதான் போகும். வயிற்று நுனியின் மேல்புறத்தில் முடியைப் பிளந்துகொண்டு ஒரு கோடு தெரிந்தாலும் லேசியோகுளோசம் அல்லது அதன் சொந்தமான ஹலிக்டஸ் பேரினத்துப் பெண்தான். இறக்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு நரம்பு பாம்பாக நெளிந்தால் கொலீட்டஸ் என்ற இன்னொரு தேனீப் பேரினம். இதற்கு மேல் நரம்புக்குள் போக வேண்டாம். தலை சுற்றும், சாம்பல் மண் தேனீக்கு அது தேவையும் இல்லை.

ஆணா பெண்ணா என்பதை எண்ணியே சொல்லிவிடலாம். பெண்ணின் உணர்கொம்பில் 12 கணு, ஆணுக்கு 13. வயிற்றின் மேல்புறம் தெரிகிற வளையங்கள் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. எண்ணப் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: பின்னங்காலில் அடர்ந்த மகரந்தத் தூரிகை இருந்தால் பெண். ஆண் ஒல்லியாக, நீண்ட உணர்கொம்போடு, தரையை ஒட்டி ஓயாமல் சுற்றிக்கொண்டே இருப்பான். அவனுக்குச் சுமக்க எதுவும் இல்லை. பருவத்தில் முதலில் வெளியே வருவதும் அவன்தான். அதனால்தான் மார்ச் கடைசியில் வருகிற படங்களில் பாதிக்கு நான் பெயர் சொல்லாமல் திருப்பி அனுப்புகிறேன்.

இப்போது பெண்ணுக்கு வருவோம். அவசரப்படாமல் மேலிருந்து பாருங்கள்.

அளவு ஏறக்குறைய வளர்ப்புத் தேனீ அளவு. உடல் முழுக்கக் கறுப்பு. மார்பின் முன்பக்கம், கழுத்துப் பட்டை மாதிரி, சாம்பல் வெள்ளை முடி குறுக்கே ஓடும். மார்பின் பின்பக்கம், வயிறு தொடங்குவதற்குச் சற்று முன்னால், அதே நிறத்தில் இன்னொரு பட்டை. இரண்டுக்கும் நடுவே, ஒரு இறக்கையின் அடியிலிருந்து மறு இறக்கையின் அடி வரைக்கும், கறுப்பு முடிப் பட்டை. சாம்பல், கறுப்பு, சாம்பல்: இந்த வரிசைதான் அடையாளம். முகத்திலும் வெளிர் முடி இருக்கும். பின்னங்கால் தூரிகை கறுப்பு. வயிற்றில் முடி கண்ணுக்குப் படாத அளவுக்குக் குறைவு. வெயில் படும்போது அந்தக் கறுப்பில் லேசாக நீலம் ஓடும். நிழலில் அந்த நீலம் தெரியாது, அதனால் மேகமூட்டமான நாளில் அதைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தூரிகை நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மஞ்சள் மகரந்தத்தை அப்பிக்கொண்டு வரும்போது "தூரிகை மஞ்சள்" என்று குறித்துக்கொண்டு வேறு இனத்துக்குப் போய்விடுகிறார்கள். காலியாகப் புறப்படுகிற தேனீயைப் பாருங்கள். காலையில் துளையிலிருந்து தலையை நீட்டி வெயில் காய்ந்துவிட்டுக் கிளம்பும்போது கால் சுத்தமாக இருக்கும். முடியின் உண்மை நிறம் அப்போதுதான் தெரியும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஆண்ட்ரீனா வேகா என்ற நெருங்கிய சொந்தத்திடம். அதுவும் கறுப்பு, அதே அளவு, வயிறு அதே பளபளப்பு. ஆனால் மார்பின் மேல்புறம் முழுக்கச் சாம்பல் முடி. நடுவில் கறுப்புப் பட்டை கிடையாது. ஐரோப்பாவில் மணற்பாங்கான இடங்களில் இது சகஜம். இப்போது தெற்கு இங்கிலாந்திலும் இருக்கிறது என்பதால் எங்கள் பக்கத்துக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். புதிதாக வெளிவந்த பெண்கள் என்றால் இரண்டையும் பிரிப்பது சுலபம். வயதானவை வந்தால்தான் வம்பு. நாள் முழுக்க மண்ணுக்குள் நுழைந்து நுழைந்து முதுகு முடி தேய்ந்துவிடும். வேகாவின் நடுமுதுகு வழுக்கையானால் அடியில் இருக்கிற கறுப்புத் தோல் வெளியே தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் பட்டை மாதிரியே இருக்கும். அங்கே லென்ஸை வையுங்கள். கறுப்பு முடி நிற்கிறதா, வெறும் தோல் மினுக்குகிறதா? முடி நின்றால் சினரேரியா. தோல் மினுக்கினால், அந்தத் தேனீயை விட்டுவிட்டு அதே இடத்தில் இளைய பெண்ணைத் தேடுங்கள்.

பூவும் கொஞ்சம் சாட்சி சொல்லும், ஆனால் ஒரு பக்கமாகத்தான். வேகா பெண் வில்லோ மரப் பூவில் மட்டுமே மகரந்தம் சேர்க்கும். சினரேரியாவுக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. டான்டிலயன், பழ மரங்கள், ஹாதார்ன், பட்டர்கப், ரேப் என்ற எண்ணெய் வித்துப் பயிரின் மஞ்சள் வயல் என்று எல்லாவற்றிலும் இறங்கும், வில்லோவிலும்கூட. ஆகவே டான்டிலயனில் மகரந்தம் திரட்டுகிற பெண் வேகாவாக இருக்க வாய்ப்பில்லை. வில்லோவில் நிற்பதை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது.

ஆணைப் பற்றி இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். சினரேரியா ஆணின் மார்பிலும் சாம்பல் முடிதான், முகத்தின் கீழ்ப்பாதியில் வெள்ளை முடி மீசையாக அடர்ந்திருக்கும். ஆனால் இறக்கைகளுக்கு நடுவே வர வேண்டிய கறுப்பு, பட்டையாக நிற்காமல் சாம்பலோடு கலந்து மங்கிக் கிடக்கும். மங்கலான ஒரு படத்தை வைத்துக்கொண்டு அது கறுப்பா நிழலா என்று அடித்துக்கொள்வதில் பயன் இல்லை. இரண்டு வாரம் பொறுங்கள். அதே இடத்தில் பெண்கள் துளை போடத் தொடங்குவார்கள். அவர்களைப் பார்த்துவிட்டால் ஆண்கள் யார் என்பது தானாக விளங்கிவிடும்.

துளைகளைச் சுற்றி விருந்தாளிகளும் வருவார்கள். மஞ்சளும் கறுப்பும் சிவப்புமாகக் குளவி வேஷம் போட்ட, மகரந்தத் தூரிகை இல்லாத நோமடா தேனீ தரையை ஒட்டி மெதுவாக முகர்ந்து திரியும். மண் தேனீ சேர்த்து வைத்த உணவின் பக்கத்தில் கள்ளத்தனமாக முட்டை வைக்கிற சாதி. நோமடா லாத்பரியானா என்பது சாம்பல் மண் தேனீயின் கூட்டுக்கு வருவது. ஆனால் அது வேகாவின் கூட்டுக்கும் போகும், ஆகவே விருந்தாளியை வைத்து வீட்டுக்காரரை முடிவு செய்ய வேண்டாம். சில பெண்களின் வயிற்று வளையங்களுக்கு இடையே பழுப்பாக ஒரு மேடு துருத்தியிருக்கும். அது ஸ்டைலாப்ஸ் என்ற ஒட்டுண்ணி. அது பிடித்த தேனீக்குத் தூரிகை சிறுத்து, முகம்கூட எதிர்ப்பாலினத்தின் முகம் மாதிரி மாறிப்போகும். அடையாளம் காணப் பழகுகிற கட்டத்தில் அதைத் தொடாதீர்கள்.

படம் எடுக்கும் முறை சுருக்கமாக: மேலிருந்து ஒன்று, முகம் நேராக ஒன்று, பின்னங்கால் தெரியப் பக்கவாட்டில் ஒன்று, இறக்கை விரிந்திருக்கும்போது ஒன்று. பறந்துகொண்டே இருந்தால் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியில் பிடித்து, ஐஸ் பை வைத்த பெட்டியில் சில நிமிடம் வையுங்கள். மந்தமாகிவிடும், நிதானமாக எடுக்கலாம், சூடேறியதும் பறந்துபோகும். பிடித்த இடத்திலேயே விடுங்கள். கொட்டுமோ என்ற பயம் வேண்டாம்: ஆணுக்குக் கொடுக்கே கிடையாது, பெண்ணின் கொடுக்கு மனிதத் தோலைத் துளைப்பது அரிது. பக்கத்துப் பக்கத்தில் நூறு துளை இருந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனிக் குடித்தனம். கூட்டைக் காக்கக் கூட்டமாக வந்து கொட்டுகிற வழக்கம் அவற்றிடம் இல்லை.

பார்த்ததைப் பதிவு செய்வதென்றால் பிரிட்டனில் ஐரெக்கார்ட் என்ற இணையதளம் இருக்கிறது. தேனீ, குளவி, எறும்புப் பதிவுகளைப் பி.டபிள்யூ.ஏ.ஆர்.எஸ். என்ற சங்கம் சேர்க்கிறது. தேதி, இடம், ஆணா பெண்ணா, எந்தப் பூவில் இருந்தது என்பதை எழுதுங்கள். கறுப்பு முடிப் பட்டையை நீங்களே பார்த்திருந்தால் மட்டும் சினரேரியா என்று போடுங்கள். பார்க்கவில்லையென்றால் ஆண்ட்ரீனா என்று மட்டும் போட்டுப் படத்தை இணைத்துவிடுங்கள். சரிபார்ப்பவர்களுக்கு அதுவே போதும்.