வி.ஆர். காக்பிட் நடுங்குகிறதா? நடுக்கம் யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

செஸ்னா 172 ஓடுபாதையின் முனையில் நிற்கிறது. எஞ்சின் ஓடவில்லை, காற்றும் இல்லை. ஆனாலும் எதிரே இருக்கும் வேகமானியில் 40 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) முதல் 85 நாட் வரை வளைந்து ஓடும் அந்த வெள்ளைக் கோடு மயிரிழை அளவுக்குத் துடித்துக்கொண்டே இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கண் வலிக்கிறது. பத்து நிமிடத்தில் வயிற்றைப் புரட்டுகிறது.

வி.ஆர். ஹெட்செட் மாட்டிக்கொண்டு விமான சிமுலேட்டருக்குள் புதிதாக நுழைபவர்கள் இந்த இடத்தில் "சென்சிட்டிவிட்டி" என்று ஒரு ஸ்லைடரைத் தேடுகிறார்கள். நானும் ஒரு மாலை முழுக்கத் தேடினேன். கண்ணில் பட்ட ஸ்லைடரையெல்லாம் நகர்த்தினேன். மறுநாள் எதை எவ்வளவு மாற்றினேன் என்பதே நினைவில்லை. எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஆகவே பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்.

தொடங்கும் முன்: அந்த ஸ்லைடர் ஏன் இல்லை

வி.ஆரில் உங்கள் தலை 30 டிகிரி திரும்பினால் காட்சியும் சரியாக 30 டிகிரி திரும்ப வேண்டும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 30 என்று சொல்லும்போது கண் 45 என்று சொன்னால், மூளை அந்தச் சண்டையை வயிற்றின் மேல் தீர்த்துக்கொள்ளும். அதனால்தான் இங்கே உணர்திறனைக் கூட்டவோ குறைக்கவோ வழி வைப்பதில்லை.

நடுக்கத்தை மென்மையாக்கும் ஃபில்டர் ஒன்றைப் போட்டால் என்ன என்று தோன்றும். எந்த ஃபில்டரும் கொஞ்சம் காலதாமதத்தை விலையாகக் கேட்கும். விநாடிக்கு 100 டிகிரி வேகத்தில் தலையைத் திருப்புகிறீர்கள், ஃபில்டர் 50 மில்லி விநாடி தாமதிக்கிறது என்று வையுங்கள். காட்சி உங்கள் தலைக்கு 5 டிகிரி பின்னால் இழுபட்டு வரும். தலை அசைவுக்கும் படம் மாறுவதற்கும் இடையே சுமார் 20 மில்லி விநாடிக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தத் துறையில் வழங்கும் கணக்கு. நடுக்கத்தை ஒளித்து வைப்பதில் பயனில்லை, அது பிறக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

படி 1: நடுக்கம் யாருடையது?

சிமுலேட்டரை மூடிவிட்டு ஹெட்செட்டின் முகப்பு அறையில் நில்லுங்கள். அங்கே உள்ள ஏதாவது ஓர் எழுத்தை அசையாமல் பாருங்கள். அங்கேயும் துடித்தால் குற்றவாளி டிராக்கிங், அதாவது உங்கள் தலை எங்கே, எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணக்கிடும் அமைப்பு. முகப்பு அறை கல்லாக நின்று, விமானத்துக்குள் போனால் மட்டும் துடித்தால் பிரேம் பற்றாக்குறை, அதாவது கணினி விநாடிக்கு வரையும் படங்கள் போதவில்லை.

சந்தேகம் தீரவில்லை என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. ஹெட்செட்டின் உட்புறம், இரண்டு லென்ஸ்களுக்கு நடுவே, முகத்தில் மாட்டியிருக்கிறோமா என்று அறியும் சிறிய சென்சார் ஒன்று இருக்கும். அதன்மேல் துண்டு டேப் ஒட்டிவிட்டு ஹெட்செட்டை மேசையில், கேமராக்கள் அறையைப் பார்க்கும்படி வையுங்கள். காக்பிட் படத்தை மானிட்டரில் பாருங்கள். மேசை ஆடாதபோது படம் ஆடுகிறதா? அப்படியானால் உங்கள் கழுத்துக்கும் மூச்சுக்கும் இதில் பங்கில்லை. படம் அசையாமல் நின்றால் நேரே படி 3-க்குப் போங்கள்.

படி 2: அறை

குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3 போன்றவற்றில் டிராக்கிங் கேமராக்கள் ஹெட்செட்டிலேயே இருக்கின்றன. தலையின் வேகமான அசைவை உள்ளே இருக்கும் கைரோவும் (சுழற்சியை உணரும் சென்சார்) முடுக்கமானியும் உடனுக்குடன் சொல்லிவிடும். ஆனால் அவை மட்டும் இருந்தால் கணக்கு மெல்ல மெல்ல விலகிப் போகும். அந்த விலகலைக் கேமராக்கள் திருத்துகின்றன. அலமாரி மூலை, படச்சட்டம், சுவர்க் கடிகாரம் என்று அறையில் அசையாத பொருள்களின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு "நான் இங்கே இருக்கிறேன்" என்று கணக்கிடுகின்றன. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத வெள்ளைச் சுவரும், வெளிச்சம் போதாத அறையும் இருந்தால் ஒவ்வொரு திருத்தமும் ஒரு சிறு குலுக்கலாகக் கண்ணுக்குத் தெரியும்.

என் அறைச் சுவர் வெறுமையாக இருந்தது. எதிரே ஒரு தினசரி நாட்காட்டியையும் சில பழைய வரைபடங்களையும் மாட்டினேன். நடுக்கம் கூடியது! காரணம் புரியவே இரண்டு நாளானது. மேலே மின்விசிறி ஓடியது, நாட்காட்டித் தாள்களும் வரைபடங்களின் கீழ் ஓரமும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. கேமராவுக்கு நான் நங்கூரமாகக் கொடுத்த பொருளே ஆடிக்கொண்டிருந்தது. வரைபடங்களின் நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, நாட்காட்டியை வேறு அறைக்கு அனுப்பிய பிறகுதான் அடங்கியது. ஜன்னல் திரைச்சீலைக்கும் இதே நியாயம்தான்.

அடுத்து விளக்கு. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பல விளக்குகள் அதையொட்டி மினுக்குகின்றன. குவெஸ்டின் டிராக்கிங் அமைப்புகளில் இந்த அலைவெண்ணைத் தானியங்கி, 50, 60 என்று தேர்ந்தெடுக்கலாம். தானியங்கியில் இருந்தால் 50-க்கு மாற்றிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. குழல்விளக்குக்குக் கீழே மின்விசிறி சுற்றி, இறக்கைகளின் நிழல் சுவரில் ஓடுகிறது என்றால் வேறு மூலையில் ஒரு எல்.இ.டி. விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் வேண்டும் என்பதற்காக ஜன்னல் வெயிலில் மட்டும் ஹெட்செட்டை வைத்துவிடாதீர்கள். லென்ஸ் வழியே குவியும் வெயில் உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும்.

கேமரா முகப்புகளைக் கண்ணாடி துடைக்கும் மென்துணியால் துடையுங்கள். விரல் ரேகை ஒன்று போதும்.

வால்வ் இண்டெக்ஸ் மாதிரி, சுவரில் மாட்டிய பேஸ் ஸ்டேஷன்களை நம்பும் ஹெட்செட் என்றால் கதை வேறு. அவை அகச்சிவப்பு லேசரால் அறையைத் துழாவுகின்றன. கண்ணாடி பதித்த பீரோ, பளபளப்பான ஷோகேஸ், டி.வி. திரை எல்லாம் அந்தக் கதிரைத் திருப்பி அனுப்பிக் குழப்பும். ஒரு போர்வையைப் போட்டு மூடிப் பாருங்கள். பேஸ் ஸ்டேஷன் நிற்கும் தட்டு ஸ்பீக்கர் சத்தத்துக்கு அதிர்ந்தால் உங்கள் விமானமும் சேர்ந்து அதிரும். சுவரில் திருகாணி போட்டு மாட்டுவதே நல்லது.

படி 3: பட்டையும் கம்பியும்

விமானத்துக்குள் நடுங்கும்போது ஹெட்செட்டை இரண்டு கையாலும் முகத்தோடு லேசாக அழுத்துங்கள். நின்றுவிட்டால் பட்டை தளர்வு. குவெஸ்ட் 2 அரைக் கிலோ எடை, அதுவும் முன்பக்கமே கனம். பட்டையின் பின்பகுதி பின்மண்டைப் புடைப்புக்குக் கீழே உட்கார வேண்டும். கம்பி வழியாக இணைத்திருந்தால் அதைச் சட்டைக் காலரில் ஒரு கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது ஹெட்செட்டை இழுக்கும்.

படி 4: பிரேம்

புதியவர்கள் டிராக்கிங் கோளாறு என்று நினைப்பது பல சமயம் இதுதான்.

விநாடிக்கு 72 முறை படம் மாற்றும் 72 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு படம் வரைய 13.9 மில்லி விநாடி கிடைக்கும். 90 ஹெர்ட்ஸில் 11.1. அதற்குள் படம் தயாராகாவிட்டால் ஹெட்செட் பழைய படத்தையே எடுத்து, தலை திரும்பிய அளவுக்குத் திருப்பிக் காட்டும். அதனால் காக்பிட்டுக்குள் சுற்றிப் பார்க்கும்போது எல்லாம் ஓரளவு சரியாகவே தோன்றும். ஏமாறாதீர்கள். 500 அடி உயரத்தில் பறந்தபடி இடது ஜன்னல் வழியே தரையைப் பாருங்கள். ஒவ்வொரு மரமும் இரட்டை மரமாகத் தெரிந்தால் பிரேம் போதவில்லை. தலையைத் திருப்பியதால் வந்த மாற்றத்தைத்தான் அந்தத் தந்திரம் சரிசெய்யும். விமானம் நகர்ந்ததால் வந்த மாற்றம் அதற்குத் தெரியாது.

செய்ய வேண்டியது, ஏறி இறங்கும் பிரேம் எண்ணிக்கையை ஒரு நிலையான எண்ணில் கட்டுவது. 72 ஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். குவெஸ்ட் வைத்திருப்பவர்கள் பி.சி. மென்பொருளோடு வரும் ஆக்குலஸ் டிபக் டூலில் ஸ்பேஸ்வார்ப் வசதியைக் கட்டாயமாக இயங்கும்படி வைக்கலாம். பட்டியலில் 45 என்று எழுதியிருந்தாலும் 72 ஹெர்ட்ஸில் அது 36 பிரேமாகவே ஓடும். இடையில் வரும் படங்களை அதுவே ஊகித்து நிரப்பும். 50-க்கும் 65-க்கும் இடையே துள்ளுவதைவிட அசையாத 36 எவ்வளவோ மேல். விலையும் உண்டு. சுழலும் புரொப்பெல்லரைச் சுற்றியும் இறக்கையின் முனையிலும் காற்று தண்ணீரைப் போல நெளியும். ஊகத்தின் குறை அது. எனக்குப் பழகிவிட்டது. சிலருக்குப் பழகவே பழகாது, அவர்கள் அதை அணைத்துவிட்டு இரட்டை மரங்களோடு வாழ்கிறார்கள்.

அந்த 36-ஐக்கூடக் கணினி எட்டவில்லை என்றால், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-இல் டெவலப்பர் மோடை இயக்கி, பிரேம் எண்ணிக்கைப் பெட்டியைத் திறங்கள். தடுப்பது மெயின் த்ரெட்டா (சி.பி.யு.வில் ஓடும் முக்கிய வேலை), ஜி.பி.யு.வா (படம் வரையும் கிராபிக்ஸ் சிப்) என்று அதுவே சொல்லும். மெயின் த்ரெட் என்றால் நிலப்பரப்பு விவர அளவு, விமானப் போக்குவரத்து, கிளாஸ் காக்பிட் (கருவிகளுக்குப் பதில் திரைகள் உள்ள காக்பிட்) புதுப்பிப்பு வேகம் மூன்றையும் குறையுங்கள். ஜி.பி.யு. என்றால் ரெண்டர் அளவையும் (படம் வரையப்படும் நுணுக்கம்) மேகங்களையும் குறையுங்கள். தடை இருப்பது ஒரு பக்கம், நீங்கள் குறைப்பது இன்னொரு பக்கம் என்றால் படம்தான் அசிங்கமாகும், பிரேம் ஏறாது.

வைஃபை வழியாக ஓட்டுபவர்கள் தலையைச் சட்டென்று திருப்பும்போது ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால், படம் தாமதமாக வருகிறது என்று பொருள். கணினியை ரவுட்டரோடு கம்பியில் இணையுங்கள், ரவுட்டரை அதே அறையில் வையுங்கள், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துங்கள்.

படி 5: கொஞ்சம் சாய்ந்தால் நிறைய நகர்கிறதா?

தலை திரும்பும் அளவு மாறாது என்றேன். ஆனால் முன்னால் குனியும்போது டேஷ்போர்டு எவ்வளவு நெருங்கி வருகிறது என்பது உலக அளவீட்டைப் பொறுத்தது. உங்கள் கை பொம்மைக் கை போலவோ, காக்பிட் கிணறு போலவோ தெரிந்தால் இதுதான் பிழை. முதலில் ஹெட்செட்டில் கண்மணிகளுக்கு இடையேயான தூரத்தைச் சரிசெய்யுங்கள். குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகள் உண்டு. கண்ணாடி முன் ஸ்கேல் பிடித்து அளந்தால் போதும். பிறகும் ஒவ்வவில்லை என்றால் ஃபிளைட் சிமுலேட்டரின் வி.ஆர். அமைப்பில் உலக அளவு இருக்கிறது. டி.சி.எஸ். என்ற போர் விமான சிமுலேட்டரில் இந்தக் கண்மணித் தூரத்தைக் கட்டாயமாக ஓர் எண்ணில் நிறுத்தும் வசதி இருக்கிறது. டி.சி.எஸ். ஓட்டுபவர்கள் ஜி-விசைக்கு (விமானம் திரும்பும்போது உடலை அழுத்தும் விசை) ஏற்பத் தலையை அசைக்கும் தேர்வையும் அணைத்துவிடுங்கள். மானிட்டரில் அது அழகு, ஹெட்செட்டுக்குள் தொல்லை.

உண்மையிலேயே சென்சிட்டிவிட்டி தேவைப்படுபவர்கள்

இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று, ஹெட்செட் இல்லாமல் மானிட்டர் முன் உட்கார்ந்து டிராக்ஐஆர் அல்லது ஓபன்டிராக் போன்ற தலை அசைவைக் கண்காணிக்கும் கருவியோ மென்பொருளோ பயன்படுத்துபவர்கள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் பார்க்க வேண்டும் என்பதால் தலை 20 டிகிரி திரும்பினால் காட்சி 100 டிகிரி திரும்பும்படி வைக்கிறார்கள். ஐந்து மடங்கு. நடுக்கத்துக்கும் அதே ஐந்து மடங்குதான். 0.2 டிகிரி துடிப்பு திரையில் ஒரு டிகிரி ஆகிவிடும். எனவே தலை அசைவைக் காட்சி அசைவாக மாற்றும் வளைகோட்டின் நடுப்பகுதியைத் தட்டையாக வையுங்கள். நேராகப் பார்க்கும்போது பெருக்கம் குறைவாகவும், ஓரத்துக்குப் போகப் போக அதிகமாகவும் இருக்கட்டும். ஓபன்டிராக்கில் ஆக்செலா ஃபில்டரின் மென்மையை, எழுத்துகள் அசையாமல் நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொரு கூட்டம், ஹெட்செட்டோடு வான்சண்டை போடுபவர்கள். வாலுக்குப் பின்னால் எதிரி இருக்கிறானா என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டவர்கள். அவர்களுக்காகவே எக்ஸ்ஆர்நெக்சேஃபர் என்ற சிறு மென்பொருள் இருக்கிறது. தலை குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டியதும் காட்சியைக் கூடுதலாகத் திருப்பிவிடும். அதை வழுக்கிக்கொண்டு திரும்பும்படி வைக்காமல் படக்கென்று ஒரே வெட்டாகத் திரும்பும்படி வையுங்கள். பார்க்க முரடாக இருக்கும், வயிறு கேள்வி கேட்காது. முதல் பத்து நிமிடம் சும்மா தரையில் நின்றபடியே திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு மேலே ஏறுங்கள்.