காறை எலும்பு முறிந்தால் ஆபரேஷன் வேண்டுமா? முடிவெடுப்பது எப்படி

எக்ஸ்ரேயில் எலும்பு இரண்டு துண்டாகத் தெரிந்ததும் பிளேட் (உலோகத் தகடு) வைத்தே ஆக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். கழுத்தடியிலிருந்து தோள் வரை போகும் இந்தக் காறை எலும்பு (காலர் போன்) எளிதில் கூடக்கூடியது. துண்டுகள் அதிகம் விலகாமல் இருந்தால் ஸ்லிங்கில் கையைத் தாங்கி வைத்தாலே பெரும்பாலானவர்களுக்குச் சேர்ந்துவிடும், சிறுவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

ஆனால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ, உள்ளேயிருந்து முட்டி மேல்தோல் வெளுத்துப்போய் விறைப்பாக நின்றாலோ, கை குளிர்ந்து மரத்துப்போனாலோ, மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும் நரம்புகளும் அந்த எலும்புக்குக் கீழேதான் ஓடுகின்றன.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் குழப்பம். துண்டுகள் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு விலகியிருந்தால், எலும்பு 2 செ.மீ.க்கு மேல் குட்டையாகியிருந்தால், அல்லது நொறுங்கியிருந்தால், டாக்டர் ஆபரேஷன் பற்றிப் பேசுவார். 2007-இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், இப்படி எலும்பு நடுப்பகுதியில் உடைந்து விலகிய 132 பேரை, பிளேட் வைப்பவர்கள், ஸ்லிங் மட்டும் போடுபவர்கள் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். பிளேட் வைத்தவர்களிடம் எலும்பு கூடாமல் போனது குறைவு. ஆனால் பிளேட் உறுத்துவதால் மறுபடி ஆபரேஷன் செய்துகொள்பவர்களும் உண்டு, தொற்று வரும் வாய்ப்பும் இருக்கிறது. ஆகவே டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: எவ்வளவு விலகியிருக்கிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் என் வேலைக்கு என்ன பாதிப்பு, இப்போது காத்திருந்து கூடாவிட்டால் பிறகு செய்ய முடியுமா? (பெரும்பாலும் முடியும், கொஞ்சம் சிக்கலாக இருக்கும்.)

பொதுவாக முழு மயக்கம் கொடுத்து, துண்டுகளை நேராக்கி, பிளேட்டை ஸ்க்ரூ போட்டு இறுக்குவார்கள். சில முறிவுகளுக்கு எலும்புக்குள் கம்பி செருகுவதும் உண்டு. தழும்புக்குக் கீழே மார்பின் மேல்பகுதி மரத்துப்போவது ரொம்பச் சாதாரணம், தோலுக்குப் போகும் சின்ன நரம்புகள் அந்த வழியில் இருப்பதால்தான். இதை முன்கூட்டியே சொல்லாததால் பலர் வீணாகப் பயந்துபோகிறார்கள்.

ஆபரேஷனுக்கு அப்புறம், விரல், மணிக்கட்டு, முழங்கையை முதல் நாளிலிருந்தே அசையுங்கள், தோளை எப்போது தூக்கலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும். முதல் ஆறு வாரம் கனமானது எதையும் தூக்க வேண்டாம். சிகரெட் பிடிப்பவர் தயவுசெய்து நிறுத்துங்கள், எலும்பு கூடாமல் போவதற்கு அது பெரிய காரணம். காய்ச்சலோ, காயத்தில் சிவப்போ சீழோ வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

தொந்தரவு தராத பிளேட்டை எடுக்க வேண்டியதில்லை. எலும்பின் வெளிமுனையில் வைக்கும் கொக்கி பிளேட் மட்டும் விதிவிலக்கு, அதைச் சில மாதங்களில் எடுத்துவிடுவார்கள்.