குழாய்த் தண்ணீரில் லெஜியோனெல்லா: தோட்டப்புறக் கட்டடத்தில் ஆபத்து மதிப்பீடு செய்யும் முறை

லெஜியோனெல்லா என்பது தண்ணீரில் வளர்ந்து நிமோனியாவை வரவழைக்கும் கிருமி. அதன் ஆபத்து மதிப்பீட்டுப் பயிற்சிக்குப் போனால் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழிகாட்டியை வைத்துத்தான் பாடம் நடத்துகிறார்கள். நல்ல பாடம். ஆனால் குளிர்நீர் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற அதன் அடிப்படை விதியை, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் எந்தக் கட்டடத்திலும் நிறைவேற்ற முடியாது. மீட்டரைத் தாண்டி வரும் தண்ணீரே 27, 28 டிகிரி இருக்கும். இதை எப்படிச் சமாளிப்பது என்று எனக்குப் பிடிபட நாளாயிற்று. முதியோர் இல்லம், கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளி, சின்ன ஹோட்டல், தோட்டத் தொழிலாளர் விடுதி என்று எதையாவது பராமரிப்பவர்களுக்காக எழுதுகிறேன். குழாய், வால்வு வேலை தெரிந்தவர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1976இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் மாநாட்டுக்குக் கூடியவர்கள் நிமோனியாவில் விழுந்தபோதுதான் இந்தக் கிருமி வெளிச்சத்துக்கு வந்தது. தண்ணீர் நுண்துளியாகச் சிதறி மூச்சோடு நுரையீரலுக்குள் போகும்போதுதான் பெரும்பாலும் நோய் வருகிறது. ஆளுக்கு ஆள் தொற்றாது. 20 முதல் 45 டிகிரி வரை வளரும். 60 டிகிரியில் சில நிமிடங்களில் பெரும்பாலும் செத்துவிடும். ஐம்பது வயது தாண்டியவர்கள், புகைப்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், நுரையீரல் பலவீனமானவர்கள்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள். நம் வட்டாரத்தில் இந்தப் பட்டியலில் வராத குடும்பம் குறைவு.

படி 1: யார், எங்கே, எவ்வளவு

யார் தங்குகிறார்கள், எந்தக் குளியலறை தினமும் ஓடுகிறது, எது பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். நிர்வாகியைவிடத் துப்புரவு செய்யும் அக்காவிடம் கேட்பது நல்லது. எந்த அறைக் குழாயைத் திறந்தால் முதலில் செம்பழுப்புத் தண்ணீர் வரும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

படி 2: குழாய் வரைபடம்

மீட்டரிலிருந்து கிளம்பி, தொட்டி, ஹீட்டர், கடைசிக் குழாய் வரை நடந்தே வரையுங்கள். பழைய பிளானை நம்ப வேண்டாம். தோட்டத்துக் கட்டடங்களை அவ்வப்போது நீட்டியிருப்பார்கள். பழைய சமையல்கூடத்தை இடித்து ஸ்டோர் ரூம் ஆக்கியிருப்பார்கள். குழாயின் வாயை மட்டும் மூடிவிட்டு, சுவருக்குள் நீளமாக விட்டிருப்பார்கள். அதில் தேங்கிய தண்ணீர் ஓடுகிற குழாயோடு தொட்டுக்கொண்டே இருக்கும். டெட் லெக் என்பது இதுதான். சிவப்பு மையில் குறியுங்கள். இதற்குச் சரியான தீர்வு, பிரதான குழாயை ஒட்டியே வெட்டி எடுத்துவிடுவது.

படி 3: வெப்பநிலையும் குளோரினும்

இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். பயிற்சிப் படிவத்தில் 20 டிகிரி கட்டத்தில் எல்லாக் குழாய்க்கும் "தவறியது" என்று போட்டால் அறிக்கையால் ஒரு பயனும் இல்லை. எதை முதலில் சரிசெய்வது என்று யாருக்கும் புரியாது. "நம் நாட்டுக்குப் பொருந்தாது" என்று கட்டத்தைக் காலியாக விடுவது அதைவிட மோசம். குளிர்ச்சி என்ற காவல் நமக்கு இல்லை. அப்படியானால் மீதி இரண்டு காவல்கள், அதாவது தண்ணீர் தேங்காமல் ஓடுவதும், கிருமியைக் கொல்லக் குடிநீரில் கலக்கும் குளோரின் மிச்சமிருப்பதும், இரட்டிப்பாக வேலை செய்ய வேண்டும்.

நான் செய்வது இப்படி. முதலில் மீட்டர் அருகில் உள்ள குழாயில் வெப்பநிலை, குளோரின் இரண்டையும் எடுக்கிறேன். இதுதான் ஒப்பிடும் அளவு. அப்புறம் தொட்டி, அதற்கப்புறம் கடைசி ஷவர். ஒவ்வொரு குழாயிலும் திறந்தவுடன் ஓர் அளவு, இரண்டு நிமிடம் ஓடவிட்டு இன்னோர் அளவு. மீட்டரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், தொட்டியில் 0.4, கடைசி ஷவரில் திறந்தவுடன் பூஜ்யம், ஓடவிட்டதும் 0.3 என்று வைத்துக்கொள்வோம். தொட்டி பரவாயில்லை, அந்த ஷவர்தான் ஓடாமல் கிடக்கிறது. ஓடவிட்ட பிறகும் பூஜ்யம் என்றால் தொட்டிக்குள்ளேயோ குழாய்க்குள்ளேயோ ஏதோ குளோரினைத் தின்கிறது: சேறு, துரு, உள்சுவரில் படியும் வழவழப்பு. அந்த வழவழப்புக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குறைந்த குளோரின் எட்டாது. தேய்த்துக் கழுவித்தான் ஆக வேண்டும். மலேசியக் குடிநீர்த் தரம் எதிர்பார்க்கும் 0.2 மில்லிகிராமை என் குறைந்தபட்ச எல்லையாக வைத்திருக்கிறேன்.

தொட்டித் தண்ணீர் ஒரு நாளுக்குள் மாறுகிறதா என்றும் கணக்குப் போடுங்கள். 400 கேலன் தொட்டி கிட்டத்தட்ட 1,800 லிட்டர். எட்டுப் பேர், ஆளுக்கு 150 லிட்டர் என்றால் நாளுக்கு 1,200 லிட்டர்தான் செலவாகும். வெயிலில் காயும் கூரைக்குக் கீழே ஒன்றரை நாள் கிடக்கும் தண்ணீர் அது. மிதவையைத் தாழ்த்தி வைத்தால் தொட்டியை மாற்றாமலே இது சரியாகும்.

கருவிகள்

கம்பி முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். துப்பாக்கி மாதிரி நீட்டும் அகச்சிவப்புக் கருவி வேண்டாம். அது மேற்பரப்பை மட்டும் அளக்கும், பளபளக்கும் குழாயில் அளவு தவறும். உருகும் ஐஸ் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குளோரினுக்கு டிபிடி 1 மாத்திரை: தண்ணீரில் கரைத்தால், செயல்படும் குளோரினின் அளவுக்கேற்ப இளஞ்சிவப்பாகும் சோதனை மாத்திரை. நீச்சல்குளக் கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிறச் சொட்டு மருந்து, செயல்படாத குளோரினையும் சேர்த்துக் காட்டும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

படி 4: தொட்டி, ஹீட்டர், ஷவர்

தொட்டி மூடி இறுக்கமா, வழிவுக் குழாயில் வலை உண்டா, அடியில் சேறா என்று படம் எடுங்கள். தண்ணீரைச் சேர்த்து வைக்கும் ஹீட்டர் என்றால் 60 டிகிரியில் இருக்க வேண்டும். சோலார் ஹீட்டரைக் கவனமாகப் பாருங்கள்: மழைக் காலத்தில் வெதுவெதுப்பாகவே நாள் முழுக்க நிற்கும், கிருமிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. வெயில் போதாதபோது சூடேற்றும் மின்சார பூஸ்டர் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். 60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். முதியவர்கள் குளிக்கும் இடத்தில், குளிர்நீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் கலவை வால்வு கட்டாயம். ஷவர் தலையைக் கழற்றி உள்ளே பாருங்கள், படிவு இருந்தால் கழுவுங்கள்.

படி 5: எழுதுவது

ஆபத்துக்கு மதிப்பெண் போடும் அட்டவணை எல்லாப் பயிற்சியிலும் இருக்கும், அதை அப்படியே பயன்படுத்துங்கள். அதைவிட முக்கியம், ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் ஒருவருடைய பெயரும் ஒரு தேதியும். "குழாய்களைத் திறந்துவிட வேண்டும்" என்று மட்டும் எழுதினால் யாரும் திறக்க மாட்டார்கள். 2024 ஜூன் 1 முதல் திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி ஆபத்து மதிப்பீடு முதலாளியின் கடமை. நிர்வாகம் தயங்கினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பின்சேர்ப்பு: வாசகர்கள் கேட்டவை

ஏர்கண்டிஷனர் பற்றிப் பலர் கேட்டார்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ள சாதாரண ஸ்பிலிட் வகை, தண்ணீரைத் தெளித்துக் குளிர்விப்பதில்லை, பயப்பட வேண்டாம். பெரிய கட்டடங்களில் தண்ணீரைத் தெளித்துக் குளிர்விக்கும் கூலிங் டவர் வேறு விஷயம். அதைத் தனிப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

ரப்பர் ஹோஸ் ஷவருக்குப் பயன்படுமா என்று ஒரு தோட்டத்து நண்பர் கேட்டார். வேண்டாம். இயற்கை ரப்பரில் கிருமி எளிதாக ஒட்டி வளரும். குடிநீருக்கு அங்கீகரித்த ஹோஸ்தான் வாங்க வேண்டும்.

பள்ளி விடுமுறைக்கு என்ன செய்வது? வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழாயையும் சில நிமிடம் ஓடவிட வேண்டும். ஷவரை அப்படியே திறந்தால் நீங்களே நுண்துளியைச் சுவாசிப்பீர்கள். தலையைக் கழற்றிவிட்டு, அல்லது பிளாஸ்டிக் பையை மாட்டி ஓர் ஓரத்தைக் கத்தரித்து, மெதுவாகத் திறந்துவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஆய்வகச் சோதனை எடுத்தால், குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் உள்ள கிருமிநீக்கிய பாட்டிலை ஆய்வகத்திடமே கேட்டு வாங்குங்கள். சாதாரண பாட்டிலில் எடுத்தால் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, இல்லாத நிம்மதியைத் தந்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனை முடிவுக்குப் பத்து நாள் வரை ஆகலாம், அதுவரை சந்தேகமான ஷவரைப் பூட்டி வையுங்கள்.