வல்லரசுப் போட்டியை ஆராயும்போது கொழும்பை மறந்துவிடாதீர்கள்

சென்னையில் சர்வதேச உறவுகள் படிக்கும் ஆய்வு மாணவர் இலங்கையைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. ஆனால் அந்த ஆய்வேடுகளின் பொருளடக்கத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வார்ப்பு: சீனாவின் நலன்கள், இந்தியாவின் கவலைகள், அமெரிக்காவின் வியூகம், கடைசியில் "இலங்கையின் எதிர்வினை". முதல் தவறு இங்கேயே நிகழ்ந்துவிடுகிறது. முடிவெடுத்த நாடு வேடிக்கை பார்த்த நாடாகிவிடுகிறது.

தென்னிலங்கையில் உள்ள அம்பாந்தோட்டைத் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். "கடனைக் கட்ட முடியாததால் சீனா துறைமுகத்தை எடுத்துக்கொண்டது" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். நடந்தது வேறு. முதல் கட்டப் பணிக்குச் சீன எக்சிம் வங்கி 30.7 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2010 நவம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. 2017-இல் சீன அரசு நிறுவனமான சைனா மெர்ச்சன்ட்ஸுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது; இலங்கைக்கு 112 கோடி டாலர் கிடைத்தது. அந்தப் பணம் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. துறைமுகக் கடன் அரசின் தலையிலேயே நின்றது. அப்படியானால் கொழும்புக்கு அந்த நேரத்தில் டாலர் ஏன் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் 2007 முதல் சர்வதேசச் சந்தையில் விற்ற இறையாண்மைக் கடன்பத்திரங்கள் (அரசு டாலரில் கடன் வாங்க வெளியிடும் பத்திரங்கள்), குறைந்த வரி வருவாய், 2016-இல் சர்வதேச நாணய நிதியத்திடம் போனது என்று வேறொரு வரலாறு திறக்கும்.

இதனால் பாதுகாப்புக் கவலை பொய்யாகிவிடாது. 2022 ஆகஸ்டில் செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் கண்காணிக்கும் யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் அம்பாந்தோட்டையில் வந்து நின்றபோது தமிழகக் கரையில் எழுந்த கேள்விகள் நியாயமானவை. துறைமுகம் எப்படிக் கைமாறியது என்பதையும் கைமாறியபின் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் தனித்தனியே நிறுவ வேண்டும். ஒன்றுக்கான சான்றை இன்னொன்றுக்குக் காட்டக் கூடாது.

வரலாற்றை 2013-இல், சீனா தன் பட்டுப்பாதைத் திட்டத்தை அறிவித்த ஆண்டில், தொடங்குவதும் பரவலான தவறு. 1952-இல் கம்யூனிச எதிர்ப்பு அரசே கொழும்பில் ஆட்சியில் இருந்தது. கொரியப் போர்க்கால ரப்பர் விலை சரிந்துவிட்டது, அரிசி விலையோ ஏறிக்கிடந்தது. அமெரிக்க எதிர்ப்பை மீறி பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசு பீக்கிங்குடன் (இன்றைய பெய்ஜிங்) ரப்பர்–அரிசி ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 50,000 டன் ரப்பருக்கு 2,70,000 டன் அரிசி. அமெரிக்க உதவி நின்றுபோனது. பத்தே ஆண்டுகளில், இந்திய–சீனப் போர் முடிந்த கையோடு, அப்போதைய பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டி இரு தரப்புக்கும் சமரச யோசனைகளை முன்வைத்தார். இந்த இரண்டையும் படிக்காதவர் இலங்கைக்குச் சொந்த வியூகமே இல்லை என்று எளிதாக எழுதிவிடுவார்.

"சீன ஆதரவு அரசு", "இந்திய ஆதரவு அரசு" என்ற முத்திரைகளைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். மாலத்தீவில் 2023 அதிபர் தேர்தலில் வென்ற முய்சு இந்தியப் படையினரைத் திருப்பி அனுப்பினார். அவர்கள் இடத்தில் இந்தியாவின் சிவிலியன் தொழில்நுட்பப் பணியாளர்கள் வந்தார்கள். 2024 அக்டோபரில் அவரே தில்லிக்கு வந்து நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொண்டார். எந்தத் துறையில், எந்த ஆண்டில் என்று குறிப்பிட்டு எழுதினால் மட்டுமே ஆய்வு காலத்தைத் தாங்கும்.

நமக்கே உரிய தவறு ஒன்று உண்டு. இலங்கையின் ஒவ்வொரு வெளியுறவு முடிவையும் இனப்பிரச்சினை, மீனவர் பிரச்சினை என்ற இரண்டின் வழியாகவே பார்ப்பது. அந்த வேதனை உண்மையானது, அதை ஆய்விலிருந்து நீக்கச் சொல்லவில்லை. ஆனால் எரிபொருள் இறக்குமதியும் கடன்பத்திர வட்டியும் வேறு கணக்கில் ஓடுகின்றன.

ஆதாரங்களில் சென்னை மாணவருக்கு அரிய வசதி இருக்கிறது. இலங்கை நாடாளுமன்ற ஹன்சார்டில், அதாவது அவை விவாதங்களின் அதிகாரபூர்வப் பதிவில், உறுப்பினர் பேசிய மொழியிலேயே உரை அச்சாகிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஒரே தொகுப்பில் மாறி மாறி வரும். தமிழ் உரையை நேரடியாகப் படிக்கக் கூடியவர், ஏதோ சிந்தனைக் குழுவின் ஆங்கிலச் சுருக்கத்தை மேற்கோள் காட்டுவது பெரிய இழப்பு. அதே வேளை தமிழ்ப் பக்கங்களோடு நின்றுவிட்டால் விவாதத்தின் பாதிதான் கைக்கு வரும். சிங்களம் படிப்பவர் ஒருவரின் துணையைத் தொடக்கத்திலேயே தேடிக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற தூதர்களின் நேர்காணலும் மதிப்புள்ளதுதான். அவர்கள் சொல்லும் தேதிகளை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ப் பழைய நாளிதழ்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

பிராந்திய அமைப்புகளை ஆராய்பவர்கள் கூட்டறிக்கைகளை மட்டும் நம்பி ஏமாறுகிறார்கள். 2012-இல் புனோம் பென்னில் கூடிய ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) வெளியுறவு அமைச்சர்கள், தென்சீனக் கடல் குறித்து ஒத்துப்போக முடியாமல், 45 ஆண்டுகளில் முதல் முறையாகக் கூட்டறிக்கை இல்லாமலே கலைந்தார்கள். வெளிவராத அந்த அறிக்கைதான் ஆய்வாளருக்குப் பெரிய ஆதாரம். வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் 1997-இல் தொடங்கியது. அதன் சாசனம் 2022 மார்ச்சில் இலங்கை நடத்திய மாநாட்டில்தான் கையெழுத்தானது. இடைப்பட்ட 25 ஆண்டுகளில் ஏழு தலைநகரங்களில் எது எதற்குத் தயங்கியது என்று தேடிப் போக, வங்கக் கடலோரத்தில் இருக்கும் நம் மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?