தோலின் உணர்வேற்பிகள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோலின் குறுக்குவெட்டுப் படத்தில், உணர்வை அறிந்து நரம்புவழி செய்தி அனுப்பும் ஒவ்வோர் ஏற்பிக்கும் ஒரு கோடிட்டு, அழுத்தம், வெப்பம், குளிர், வலி என்று ஒவ்வோர் உணர்வை எழுதி மனப்பாடம் செய்வதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன. கிரவுஸ் குமிழ் என்ற ஏற்பியைக் குளிருக்கும் ருஃபினி முனை என்ற ஏற்பியை வெப்பத்துக்கும் உரியதாகக் காட்டும் படங்களை இன்றும் பார்க்க முடிகிறது. அது 1890-களில் உடலியல் அறிஞர் மாக்ஸ் ஃபான் ஃபிரே முன்வைத்த கருத்து; பின்வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. ருஃபினி முனை அறிவது தோல் இழுபடுவதை. வெப்பத்தையும் குளிரையும் வலியையும் அறிபவை, உறை எதுவுமின்றி மேல்தோல் வரை கிளைத்துச் செல்லும் வெற்று நரம்பு முனைகளே.

அம்முனைகளின் சவ்வில் உள்ள புரதங்களைப் பற்றிப் படிக்காமல் இப்பாடத்தை முடிப்பதும் குறையே. 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்த டிஆர்பிவி1 என்னும் புரதம், ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் திறந்து அயனிகளை உள்ளே விடுகிறது. மிளகாயிலுள்ள கேப்சைசினும் அதே புரதத்தைத் திறப்பதால்தான், மிளகாய் அரைத்த கை சூடுபட்டதைப் போல எரிகிறது. தோல் உண்மையில் வெந்துபோவதில்லை. மென்தால் தடவிய இடம் குளிர்வதும் இவ்வாறே, டிஆர்பிஎம்8 என்னும் வேறொரு புரதத்தின் வழியாக நிகழ்கிறது. மென்தொடுகைக்கு அடிப்படையான பியெசோ2 புரதத்தை 2010-இல் ஆர்டெம் படாபூட்டியன் குழுவினர் கண்டறிந்தனர். இவ்விருவருக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தொடுகை அளவு மீறினால் வலியாகிறது என்று எழுதுவது மற்றொரு தவறு. வலிக்குத் தனி ஏற்பிகளும் தனி நரம்பிழைகளும் உண்டு. தொடுகைச் செய்தியைச் சுமக்கும் தடித்த இழைகள் நொடிக்கு 30 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் கடத்த, எரிச்சலான வலியைச் சுமக்கும் மெல்லிய சி இழைகளின் வேகம் நொடிக்கு 2 மீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை. கால்விரலை இடித்துக்கொண்டால், இடித்தது முதலில் தெரிந்து, சுருக்கென்ற வலி தோன்றி, அதன்பிறகே மந்தமான எரிச்சல் வந்து சேர்வது இதனால்தான்.

அணிந்த சட்டையைச் சற்று நேரத்தில் மறந்துவிடுவதை ஏற்பிகளின் களைப்பு என்று விளக்குவதும் பொருந்தாது. மெய்ஸ்னர், பசினியன் ஏற்பிகள் மாற்றத்தை மட்டுமே அறிவிக்கும்படி அமைந்தவை. மெர்க்கெல், ருஃபினி முனைகளோ அழுத்தம் நீடிக்கும்வரை செய்தி அனுப்புகின்றன. பசினியன் ஏற்பியின் வெங்காயச் சருகு போன்ற அடுக்குகள் நிலையான அழுத்தத்தை வடிகட்டி, நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளை நன்கு கடத்துகின்றன. அவ்வடுக்குகளை நீக்கிச் சோதித்தபோது, உள்ளிருந்த நரம்பு முனை அழுத்தத்துக்கு நெடுநேரம் எதிர்வினை காட்டியது. ஆகவே மறத்தலின் ஒரு பகுதி ஏற்பியின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. மற்றொரு பகுதி மூளையின் கவனத்தைச் சார்ந்தது.

ஈரத்துக்கெனத் தனி ஏற்பி உண்டு என்று எண்ணுவதும் தவறே. மனிதத் தோலில் அப்படி ஏதும் அறியப்படவில்லை; குளிர்ச்சியும் தொடுகையும் சேர்ந்தே ஈரமாக உணரப்படுகின்றன.

இத்தவறுகளுள் உடலுக்கே தீங்காகக்கூடியது, தொட்டால் தெரிகிறது, எனவே காலின் நரம்புகள் நலமாக உள்ளன என்று நீரிழிவு உள்ளவர்கள் முடிவுசெய்வது. மருத்துவர்கள் பாதத்தில் வைத்துப் பார்க்கும், 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் தடித்த நரம்பிழைகளையே சோதிக்கின்றன. சூட்டையும் வலியையும் சுமக்கும் மெல்லிய இழைகள் தடித்த இழைகளுக்கு முன்பே பழுதாகியிருக்கக்கூடும். தொழுநோயிலும் தோல்திட்டில் வெப்ப உணர்வு பெரும்பாலும் தொடுவுணர்வுக்கு முன்பே குறைகிறது. தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயால் தாமாக அழுகுவதில்லை, வலி தெரியாமல் திரும்பத் திரும்பக் காயப்படுவதாலேயே சிதைகின்றன என்பதை வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். ஆகையால் நீரிழிவு உள்ளவர்கள் வெந்நீரின் சூட்டைக் காலை நனைத்துப் பார்ப்பதைத் தவிர்த்து, உணர்வு குறையாத முழங்கையாலோ வெப்பமானியாலோ பார்ப்பதும், வலி இல்லாவிட்டாலும் பாதங்களை நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதிப்பதும் அவசியம்.