பிரசிலியாவுக்கு முதல் முறை போகிறீர்களா? முகவரி படிப்பதிலிருந்து தொடங்குங்கள்

பிரேசிலின் தலைநகரைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பலரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "கட்டடங்கள் அழகு, ஊரில் உயிர் இல்லை." காலையில் இறங்கி, காரில் ஒரு சுற்றுச் சுற்றி, மாலை விமானத்தைப் பிடித்தவர்கள் அவர்கள். முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் திரும்பினேன். இரண்டாவது முறை நான்கு நாள் தங்கினேன். முகவரிகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் ஊர் பிடிபட்டது. அதனால் இந்த விளக்கத்தில் நினைவுச்சின்னங்களைப் பற்றிப் பிறகுதான் சொல்லப்போகிறேன்.

முதல் படி: ஊரின் வடிவத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்துக் கிழக்கு மேற்காக நேர்கோடு ஒன்று போடுங்கள். அதைக் குறுக்கே வெட்டி, தெற்கு வடக்காக, வில்போல வளைந்த இன்னொரு கோடு. நகரின் எலும்பு இவ்வளவுதான். 1957இல் நடந்த போட்டியில் வென்ற லூசியோ கோஸ்டாவின் திட்டம் இது. ஜனாதிபதி ஜுசெலினோ குபிச்செக் 1960 ஏப்ரல் 21 அன்று ரியோவிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினார்.

நேர்கோட்டில் அரசு இயங்குகிறது, வளைந்த கோட்டில் மக்கள் குடியிருக்கிறார்கள். வளைந்த கோட்டின் தெற்குப் பாதிக்கு ஆசா சூல், வடக்குப் பாதிக்கு ஆசா நோர்த்தே என்று பெயர். தெற்குச் சிறகு, வடக்குச் சிறகு என்று பொருள். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பேருந்து நிலையம், ரொடோவியாரியா. தலைநகரின் நட்டநடுவில் அரண்மனையையோ கோயிலையோ வைக்காமல், தினமும் வேலைக்குப் போகிறவர்கள் பஸ் மாறும் இடத்தை வைத்தார்களே, அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கிழக்கே பரனோவா ஏரி. ஆற்றுக்கு அணை கட்டி உருவாக்கிய செயற்கை ஏரி அது.

இரண்டாம் படி: முகவரியைப் பிரித்துப் படியுங்கள்

இங்கே பெரும்பாலும் தெருப்பெயர் கிடையாது. எழுத்தும் எண்ணும்தான். நண்பர் ஒருவர் "எஸ்.கியூ.எஸ். 308, பிளாக் சி" என்று எழுதிக்கொடுத்தால் திகைக்க வேண்டாம்.

எஸ்.கியூ. என்பது சூப்பர்குவாத்ரா, அதாவது குடியிருப்புச் சதுரம். கடைசி எஸ் என்றால் சூல், தெற்கு. அங்கே "என்" என்ற எழுத்து இருந்தால் நோர்த்தே, வடக்கு. அடுத்து 308. அதன் முதல் இலக்கம், வளைந்த கோட்டின் நெடுகே ஓடும் நடுச்சாலையிலிருந்து எத்தனையாவது வரிசை, எந்தப் பக்கம் என்பதைக் காட்டும். 100, 300, 500, 700, 900 எல்லாம் மேற்கே. 200, 400, 600, 800 எல்லாம் கிழக்கே. "ஏரிப் பக்கம் இரட்டைப்படை" என்று நினைவில் வைத்துக்கொண்டேன், ஒரு முறையும் தவறவில்லை. கடைசி இரண்டு இலக்கங்கள் 01 முதல் 16 வரை போகும். நகர மையத்தை விட்டு விலக விலக எண் கூடும்.

ஆக, 308 தெற்கு என்றால்: தெற்குச் சிறகில், நடுச்சாலைக்கு மேற்கே இரண்டாவது வரிசையில், சிறகின் பாதித் தொலைவில். வரைபடமே வேண்டாம்! 108, 208, 308, 408 நான்கும் சாலைக்கு இரு புறமும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும்.

மற்றப் பகுதிகளும் இப்படித்தான். எஸ்.எச்.எஸ். என்றால் தெற்கு ஹோட்டல் பகுதி, எஸ்.பி.எஸ். தெற்கு வங்கிப் பகுதி. பெரும்பாலான விடுதிகள் ஹோட்டல் பகுதிகளிலேயே இருப்பதால், தங்குமிடம் தேடி ஊர் முழுக்க அலைய வேண்டியதில்லை.

மூன்றாம் படி: காலமும் நேரமும்

மே முதல் செப்டம்பர் வரை மழை அநேகமாக இல்லை. ஆகஸ்டு, செப்டம்பரில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. உதடு வெடிக்கும், மூக்கு எரியும். தண்ணீர்ப் புட்டி கையிலேயே இருக்கட்டும். அந்த வறட்சியில்தான் இப்பே மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து, கிளை தெரியாமல் மஞ்சளாகப் பூத்து நிற்கும். அதற்காகவே அந்த மாதங்களைச் சொல்வேன்.

நான்காம் படி: அரசு இயங்கும் நேர்கோட்டில் மாலையில் நடங்கள்

நான் நடுப்பகலில் நடந்து பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். பேருந்து நிலையத்திலிருந்து மூன்று அதிகாரங்களின் சதுக்கம் வரை சுமார் மூன்று கிலோமீட்டர். ஒதுங்க நிழலே இல்லை. மூன்று மணிக்குமேல் தொலைக்காட்சிக் கோபுரத்தில் தொடங்குங்கள். 224 மீட்டர் உயரம், கோஸ்டாவே வடிவமைத்தது. 75 மீட்டரில் உள்ள பார்வைத் தளத்திலிருந்து பார்த்தால், தாளில் வரைந்த கோடு அப்படியே தரையில் விரிந்து கிடக்கும்.

பிறகு கிழக்கே நடந்தால் தேவாலயம் வரும். கட்டடக்கலைஞர் ஆஸ்கர் நீமேயரின் படைப்பு. பதினாறு கான்கிரீட் தூண்கள் வளைந்து மேலெழுந்து, குவிந்து, மறுபடி விரிகின்றன. முன்னால் இயேசுவின் வாழ்வை எழுதிய நான்கு நற்செய்தியாளர்களின் வெண்கலச் சிலைகள். மூவர் ஒரு பக்கம், ஒருவர் எதிர்ப்பக்கம் தனியாக. வாசல் தரைமட்டத்தில் இல்லை. சரிவான கறுத்த சுரங்கப்பாதையில் இறங்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகும் நேரத்தில் திடீரென நீலமும் பச்சையும் கலந்த ஒளி தலைமேல் கொட்டும். அந்த இருட்டு வேண்டுமென்றே வைக்கப்பட்டது, வேகமாகக் கடந்துவிடாதீர்கள்.

அங்கிருந்து ஒரே அச்சில் வார்த்தது போன்ற அமைச்சகக் கட்டடங்களைத் தாண்டினால் நாடாளுமன்றம். இரட்டைக் கோபுரத்தின் அருகே, கவிழ்த்த கிண்ணம் போலிருப்பது செனட். நிமிர்த்திய கிண்ணம் மக்களவை. அதன் பின்னால் சதுக்கம். ஜனாதிபதியின் அலுவலக மாளிகையும் உச்ச நீதிமன்றமும் அங்கே எதிரெதிராக நிற்கின்றன. இடையில் புரூனோ ஜோர்ஜி செய்த இரண்டு மெலிந்த வெண்கல உருவங்கள் உண்டு. அவற்றை "கந்தாங்கோ" என்று அழைக்கிறார்கள். இந்த நகரைக் கட்டிய தொழிலாளிகளுக்கு வழங்கிய பெயர் அது.

ஐந்தாம் படி: ஒரு குடியிருப்புச் சதுரத்துக்குள் போங்கள்

ஒரு நாள்தான் இருக்கிறது என்றாலும் இதை விட்டுவிடாதீர்கள். மெட்ரோவில் ஏறி 108 சூல் நிலையத்தில் இறங்குங்கள். 107க்கும் 108க்கும் நடுவிலுள்ள கடைவீதி வழியாக மேற்கே நடந்தால், முனையில் சின்னஞ்சிறு தேவாலயம். 1958இல் கட்டியது, ஊர்க்காரர்கள் செல்லமாக இக்ரெஜின்யா, குட்டிக்கோயில் என்கிறார்கள். மூன்று தூண்கள்மேல் முக்கோணக் கூரை, கன்னியாஸ்திரியின் தலையணிபோல. வெளிச்சுவரின் ஓடுகள் அத்தோஸ் புல்கோங் வரைந்தவை: நீலத்தில் கீழ்நோக்கி இறங்கும் வெண்புறா, அடுத்து ஒரு நட்சத்திரம், மறுபடி புறா. கிட்டே போய்ப் பாருங்கள்.

அடுத்ததுதான் 308. எல்லாக் கட்டடங்களும் ஆறு மாடி. தரையைத் தொடாமல் தூண்கள்மேல் நிற்கும். மதிலோ வாயிற்கதவோ இல்லை. கீழே உள்ள நிலம் பொது இடம், யாரும் குறுக்கே நடக்கலாம். வீட்டுக்கடியில் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்போது முதலில் கூச்சமாக இருக்கும். அங்கே அது இயல்பு. ரொபெர்த்தோ பூர்லே மார்க்ஸ் அமைத்த தோட்டம், பள்ளிக்கூடம், குழந்தைகளின் சத்தம். உயிர் இல்லை என்றவர்கள் இங்கே வராதவர்கள் என்பேன்.

சாலையைக் கடக்க: வரிக்கோடு போட்ட இடத்தில் கையை நீட்டினால் வண்டிகள் நிற்கும். 1997 முதல் இந்த ஊர் காத்துவரும் நல்ல பழக்கம். நடுச்சாலையான எய்ஷாவைமட்டும் ஒருபோதும் மேலே கடக்காதீர்கள். சுரங்க நடைபாதை உண்டு. ஞாயிறுகளில் பகல் முழுதும் அதே சாலையில் கார்களுக்கு அனுமதி இல்லை. சைக்கிளும் குழந்தைகளும் நிறைந்துவிடும்.

ஆறாம் படி: சிறகுகளுக்கு வெளியேயும் போய் வாருங்கள்

நகரைக் கட்டிய கந்தாங்கோக்களில் பலர் பிரேசிலின் வறண்ட வடகிழக்கிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஏராளமானோருக்குத் திட்டமிட்ட நகருக்குள் இடம் கிடைக்கவில்லை. குடிசைகளை அகற்றி, 1971இல் தொலைவில் குடியமர்த்திய இடம்தான் சீலாண்டியா. குடிசை அகற்றும் இயக்கத்தின் சுருக்கப் பெயரான சி.இ.ஐ.யையே ஊர்ப்பெயரின் முதல் பாதியாக வைத்துவிட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் பிரசிலியாவைப் பார்த்ததாக எண்ணிக்கொள்வது நியாயமில்லை.

மெட்ரோ பாதை வழியில் இரண்டாகப் பிரிகிறது. ரயிலின் நெற்றியில் சீலாண்டியா என்று இருக்கிறதா, சமம்பாயா என்று இருக்கிறதா பார்த்து ஏறுங்கள். சீலாண்டியாவின் மையச் சந்தையில் வடகிழக்குச் சாப்பாடு கிடைக்கும். உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சியை மரவள்ளிக்கிழங்கோடு கேளுங்கள். நீமேயர் கட்டிய பாடகர் இல்லமும் இந்த ஊரில் உண்டு. வடகிழக்கு மரபில் இருவர் எதிரெதிரே அமர்ந்து, நரம்புக்கருவி மீட்டியபடி, அந்த நொடியில் கவிதை கட்டிப் பாடும் கலைக்கான இடம். நிகழ்ச்சி இருக்கும் நாளைக் கேட்டுவைத்துக்கொண்டு போங்கள். ஞாயிறுகளில் ரயில் ஓடும் நேரம் குறைவு, திரும்பும் வண்டியையும் முன்பே விசாரித்துவிடுங்கள். "சென்ட்ரல்" என்ற கடைசி நிலையத்தில் இறங்கிப் படியேறினால், தாளில் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொண்ட அதே பேருந்து நிலையத்தில் நிற்பீர்கள்.